விலாசம் இல்லாத கடுதாசி

டீச்சரம்மா, பிள்ளைகளை எழுத வைக்க வழி கேக்குறீக. நல்ல கேள்விதான். ஆனா அதுக்கு முந்தி, அதுகளை எழுதவிடாமப் பண்ணுறதுக்கு நம்ம ஆளுக கண்டுபிடிச்சு வச்சிருக்க வழிகளைச் சொல்றேன், கேளுங்க. அந்த விசயத்துல நம்மள அடிச்சுக்க உலகத்துல ஆளு கிடையாது.

மொத வழி இம்போசிசன். ஒரு பய பக்கத்துப் பயகிட்டப் பேசிட்டான். என்ன தண்டனை? 'இனிமேல் வகுப்பில் பேச மாட்டேன்'னு நூறு தடவை எழுதிட்டு வாலே. பேசுனது குத்தம், எழுதுறது தண்டனை. ஏழு வயசுல இந்தத் தீர்ப்பக் கொடுத்துட்டு, பதிமூணு வயசுல 'உன் மனசுல உள்ளத எழுதுப்பா'ன்னு கொஞ்சுனா, 'நான் என்ன தப்புப் பண்ணுனேன்'னுதான் அவன் திருப்பிக் கேப்பான். வெவரமான பயலுக ரெண்டு பேனாவச் சேத்து ரப்பரு போட்டுக் கட்டி, ஒரே இழுப்புல ரெண்டு வரி எழுதி முடிச்சிருவானுக. அம்புட்டு இம்போசிசன்லயும் மூளை வேலை செஞ்ச ஒரே எடம் அந்த ரப்பருதான்.

ரெண்டாவது வழி, தலைப்பு. 'பசு', 'நூலகத்தின் பயன்கள்', 'மழைநீர் சேமிப்பு', 'நான் முதலமைச்சரானால்'. போர்டுல தலைப்ப எழுதி, கீழ முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு மூணு தட்டி கட்டி விட்டா வேலை முடிஞ்சது. ஒரு பய வீட்டுல பசு நிக்குது. அவுக அப்பத்தா கையத் தவிர வேற கை பட்டா எத்தும். கன்னுக்குட்டிய சந்தைக்குப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு ராத்திரி பூராவும் கத்துச்சு. வீட்டுல ஒருத்தரும் தூங்கல. இம்புட்டும் அவனுக்குத் தெரியும். ஆனா நோட்டுல என்ன எழுதுறான்? 'பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு.' ஏன் தாயி, நாலு காலுன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியும். உங்களுக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். தெரிஞ்சவுகளுக்குத் தெரிஞ்சதையே எழுதிக் காட்டுற கூத்துக்குக் கட்டுரைன்னு பேரு வச்சிருக்கோம்.

மூணாவது வழி, பரீச்சைக் கடுதாசி. 'பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற உன் நண்பனைப் பாராட்டிக் கடிதம் எழுதுக.' அந்த நண்பன் யாரு, எந்த ஊரு, ஒருத்தருக்கும் தெரியாது. வருசா வருசம் அவனே பரிசு வாங்குறான். ஒரு தடவ தோத்தான்னு நான் கேள்விப்பட்டதில்ல. தமிழ்நாட்டுல உள்ள பிள்ளைகள்லாம் வரிஞ்சு கட்டிக்கிட்டு அவனுக்கு எழுதுதுக. உறைமேல் முகவரிக்குத் தனி மார்க்கு வேற. ஒத்தக் கடுதாசிக்காச்சும் அந்தப் பய பதில் போட்டிருப்பானா? எனக்கே அவன் மேல வருத்தம் உண்டு.

அதே தாள்ல இன்னொரு கேள்வி வரும்: 'உங்கள் தெருவில் பழுதடைந்த மின்விளக்கைச் சரிசெய்து தருமாறு விண்ணப்பம் எழுதுக.' நம்ம மேலத்தெருவுல நெசமாவே வெளக்கு எரியல. மேலத்தெருப் பிள்ளை நெசமாவே உருக்கமா விண்ணப்பம் எழுதுது. பத்துக்கு ஒம்போது மார்க்கு வாங்குது. விண்ணப்பம் உங்க பீரோவுக்குள்ள போயிருது. தெரு இருட்டாவே கெடக்கு. அந்தப் பிள்ளை என்ன படிச்சுக்கிரும்? எழுதுனா மார்க்கு வரும், வெளக்கு வராதுன்னு படிச்சுக்கிரும். இந்தப் பாடத்த மட்டும் அது சாகுற வரைக்கும் மறக்காது.

நாலாவது வழி சிவப்பு மை. ஒரு பிள்ளை என்னமோ ஒரு வேகத்துல, 'எங்க அம்மாச்சி செத்தப்ப எனக்கு அழுகை வரல, மறுநாள் அவுக செருப்பப் பாத்ததும் வந்துருச்சு'ன்னு எழுதிப்பிடுது. அதுக்கு நீங்க, 'அம்மாச்சி'யச் சுழிச்சு 'பாட்டி'ன்னு போடுறீக. 'செத்தப்ப'வ அடிச்சு 'இறந்தபோது'ன்னு போடுறீக. அந்தப் பக்கத்துல ஒரு அழுகை இருக்கு. அதத் தவிர மிச்சத்த பூராவும் பாத்துட்டீக. அடுத்த வாட்டி அந்தப் பிள்ளை பசுவுக்கு நாலு காலுன்னு எழுதும். அதுல திருத்த ஒண்ணுமில்ல பாருங்க.

இப்படி நாலு பக்கமும் வேலிய அடைச்சுப்பிட்டு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தே வரல, எல்லாம் செல்போன் கெடுத்துருச்சு'ன்னு சங்கடப்படுறீக. செல்போன் வாரதுக்கு முந்தியே நாம கெடுத்து முடிச்சாச்சு. அது பாவம், கடைசியா வந்து பழிய மட்டும் வாங்கிக்கிட்டு நிக்குது.

வெசயம் என்னன்னா தாயி, படிக்க ஒரு ஆளு வேணும். மார்க்குப் போடுறதுக்குன்னு படிக்கிறவுக இதுல சேத்தி இல்ல. 'அப்புறம் என்ன ஆச்சு?'ன்னு கேக்குறதுக்குப் படிக்கிற ஆளு. அப்பிடி ஆளு இல்லாம எழுதுறது, காது கேக்காதவன் வீட்டுக் கதவ விடிய விடியத் தட்டுற கதைதான். கொஞ்ச நேரத்துல கையி வலிச்சுத் திரும்பிருவோம்.

நான் தினமும் கிளை நூலகத்துக்குப் போறது அங்க ஓடுற காத்தாடிக்குத்தான், ஊருக்கே தெரியும். காத்துக்கு வாடகையா நாலு பக்கம் படிச்சு வைக்கிறது. அப்பிடிப் படிச்சதுல பிரான்சு தேசத்து வாத்தியார் ஒருத்தரு மனசுல நின்னுட்டாரு. செலஸ்தேன் ஃப்ரெனேன்னு பேரு. 1896ல பெறந்தவரு. மொத உலக யுத்தத்துல நெஞ்சுல குண்டு வாங்கி, உசுரு மட்டும் தப்பிச்சு வந்தாரு. 1920ல தெக்குப் பிரான்சுல பார்-சூர்-லூன்னு ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சது. நுரையீரல் போன மனுசன். நாள் பூராவும் சத்தம் போட்டுப் பாடம் நடத்த ஏலாது. நம்மால பேச முடியாதுன்னா பிள்ளைகள் பேசட்டும், பேசுனத எழுதட்டும்னு வழிய மாத்துனாரு. உங்க தொண்டைக்கு ஆண்டவன் ஒரு கொறையும் வைக்கல, டீச்சரம்மா. அங்கதான் வில்லங்கமே.

ஒரு நாளு அந்தப் பயலுக நத்தைகளப் பிடிச்சுட்டு வந்து வகுப்புல பந்தயம் விட்டானுக. நாமளா இருந்தா நத்தையையும் தூக்கி வெளிய போட்டு, பயலையும் தூக்கி வெளிய போட்டிருப்போம். அவரு சும்மா பாத்துக்கிட்டு இருந்தாரு. எந்த நத்தை முந்துச்சு, எது கோட்ட விட்டு ஓடிச்சுன்னு பயலுக கத்துனத எழுத்துல கொண்டு வந்தாரு. நத்தையப் பத்தி அந்த வகுப்புக்கு அன்னைக்கு எழுதத் தெரிஞ்ச அளவு, பாடப் பொஸ்தகம் எழுதுனவருக்கும் தெரிஞ்சிருக்காது.

1924ல ஒரு சின்ன அச்சு எந்திரத்த வாங்கி வகுப்புக்குள்ளயே வச்சுட்டாரு. பிள்ளைக எழுதும். எழுதுனத வகுப்புல வாசிக்கும். எத அச்சுல போடலாம்னு கையத் தூக்கி ஓட்டுப் போடும். தேறுனத எல்லாருமாச் சேந்து திருத்தும். பெறகு ஈய எழுத்துகள ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கோக்கும். அச்செழுத்து எல்லாம் எடவலம் மாறிக் கெடக்கும், பாத்துக்கோங்க. ஒரு எழுத்துத் தப்பிச்சுன்னா அம்புட்டுப் படியிலயும் அதே தப்பு சிரிச்சுக்கிட்டு நிக்கும். அங்க சிவப்பு மைக்கு வேலையே இல்ல. 'நம்ம மானம் போயிருமே'ன்னு பிள்ளைகளே குனிஞ்சு தேடும். தப்பத் திருத்தணும்னு ஒரு பிள்ளைக்கு எப்பத் தோணும்னா, இத இன்னொரு ஆளு படிக்கப் போறான்னு தெரிஞ்ச பெறகுதான்.

யாரு படிச்சா? அங்கதான் அவரு சூட்சுமம். பிரான்சோட மேக்கு ஓரத்துல, பிரிட்டனி கடக்கரையில, ட்ரெகுங்குன்னு ஒரு ஊரு. அங்க தானியேல்னு ஒரு வாத்தியாரு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாக. மலைப் பள்ளிக்கூடத்துல அச்சடிச்சது கடக்கரைக்குப் போகும். கடக்கரையில எழுதுனது மலைக்கு வரும். இதுக மலையடிவாரத்துக் கதைய எழுதும், அதுக கடலோரத்துக் கதைய எழுதும். இங்க வீட்டு வாசல்ல ஊருற நத்தை அங்கிட்டு உள்ளவனுக்குச் சேதி. அங்க தெனமும் பாக்குற படகு இங்கிட்டு உள்ளவனுக்குச் சேதி. தபால்காரன் வார நாள்ல வகுப்புல ஒருத்தன் எடத்துல இருந்திருப்பான்னு நெனைக்கிறீகளா?

இதுக்கெல்லாம் பிரான்சுக்குப் போகணுமான்னு கேப்பீக. போக வேண்டாம், மினி பஸ்ல ஏறுனாப் போதும். கோவில்பட்டிக்குத் தெக்க இடைசெவல்னு ஒரு ஊரு. அங்க ரெண்டு கூட்டாளிக. ஒருத்தரு கி. ராஜநாராயணன், இன்னொருத்தரு கு. அழகிரிசாமி. அழகிரிசாமி பொழப்புத் தேடி மெட்ராசுக்குப் போனாரு, கடல் தாண்டி மலேயாவுக்கும் போனாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல கடுதாசி ஓடிக்கிட்டே இருந்தது. கி.ரா.வுக்கு அவரு எழுதுன கடுதாசி பின்னால பொஸ்தகமாவே வந்திருக்கு. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்குனேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன் கி.ரா. 1991ல 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி வாங்குனாரு. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா ஒக்காந்தாரு. அழகிரிசாமிக்கு 'அன்பளிப்பு'க்காக 1970ல அதே பரிசு, அவரு போன பெறகு. ஒரே தெருப்புழுதியில ரெண்டு அகாதமி பரிசு. ரெண்டு பேருக்கும் எழுத்துக்குப் படியளந்தது எந்தக் கட்டுரை நோட்டும் கிடையாது. தான் எழுதுறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க ஒரு கூட்டாளி, அம்புட்டுத்தான் மொதலீடு.

அதனால டீச்சரம்மா, மொதல்ல உங்க பிள்ளைகளுக்கு, அந்த ட்ரெகுங்கு மாதிரி ஒரு கடக்கரை ஊரப் பிடிங்க, மணப்பாடுன்னு வச்சுக்கோங்க. இங்க கரிசக்காடு. மழை பேஞ்சா மண்ணு காலை அப்பிக்கிட்டு செருப்பத் திருடிக்கும். மக்காச்சோளத்துல படைப்புழு விழுகுறது, ராத்திரி காட்டுப்பன்னிக்குத் தகரம் தட்டுறது, தீப்பெட்டி ஆபீசுக்குப் போற வண்டியில அக்கா எடம் பிடிக்கிறது, இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குச் சப்புன்னு இருக்கும். மணப்பாட்டுக் கடக்கரைப் பிள்ளைக்கு அது அதிசயம். அங்க வலையில என்ன சிக்குச்சு, எந்தக் காத்துக்குக் கடலுக்குப் போகப்படாதுங்கிறது அதுகளுக்குச் சப்புன்னு இருக்கும். இதுகளுக்கு அதிசயம். அங்க ஒரு டீச்சரப் பழக்கம் பிடிச்சு, வகுப்புக்கு வகுப்பு எழுதச் சொல்லுங்க. அஞ்சல் அட்டை 50 காசு. ஒரு டீக்குடிக்கிற காசுல இருவது பிள்ளைக்கு ஆளு கெடைக்கும்னா இதவிட மலிவான கல்வித்திட்டம் எங்க இருக்கு? அட்டைக்குப் பதிலா செல்லுலயே அனுப்புனாலும் சரி, செவுத்துல ஒட்டுனாலும் சரி. அங்கிட்டு இருந்து ஒரு குரல் திரும்பி வரணும். வராட்டி அது மறுபடியும் அந்தப் பரிசு வாங்குன நண்பன் கதையாப் போயிரும்.

ரெண்டாவது, பரீச்சைத்தாள்ல எழுதுற விண்ணப்பத்த நெசமாவே தபால்ல போடுங்க. மேலத்தெரு வெளக்குக்கு மேலத்தெருப் பிள்ளையே எழுதட்டும். கையெழுத்துப் போடட்டும், ஊராட்சிக்கு அனுப்பட்டும். வெளக்கு எரிஞ்சா அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் எழுதும். எரியலைன்னா, ரெண்டாவது விண்ணப்பம் மொத விண்ணப்பத்தவிடக் காரமா இருக்கும். தமிழ் நடை அப்பிடித்தான் தாயி கூர்மையாகும்.

மூணாவது, எழுதவே தெரியாத பிள்ளையத் தள்ளி வைக்காதீக. அந்தக் காலத்துல நம்ம ஊருல பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனா கடுதாசி போகாம இருந்துச்சா? பட்டாளத்துல இருக்க மகனுக்கு ஆத்தா சொல்லச் சொல்ல, தபால்காரரே ஒக்காந்து எழுதிக் கொடுப்பாரு. 'சண்டாளா, எட்டு மாசமா ஒரு வரி போட உனக்குக் கையில்லையா'ன்னு ஆத்தா சொன்னா, சண்டாளாவும் சேந்துதான் கடுதாசியில போகும். வகுப்புலயும் சொல்ல ஒரு பிள்ளை, எழுத ஒரு பிள்ளைன்னு சோடி போடுங்க. வாய் உள்ளதும் பொழைக்கும், கை உள்ளதும் பொழைக்கும். கொஞ்ச நாள்ல சொல்ற பிள்ளைக்கு, 'இவ நான் சொன்னத ஒழுங்கா எழுதலையே'ன்னு சந்தேகம் வரும். படிக்கக் கத்துக்க அதவிட நல்ல காரணம் வேற கெடைக்காது.

கூடி எழுதுறதுக்கு இத்தாலிக்காரன் ஒரு வழி வச்சிருக்கான். அங்க பார்பியானான்னு மலை உச்சியில ஒரு பட்டிக்காடு. லொரென்சோ மிலானின்னு ஒரு பாதிரியார 1954ல அங்க அனுப்புனாக. பெரிய பள்ளிக்கூடத்துல ஃபெயிலாகித் திரும்பி வந்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகளச் சேத்து வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் நடத்துனாரு. பக்கத்துல இல்ல, ரொம்ப தூரத்துல மாரியோ லோதின்னு இன்னொரு வாத்தியாரு. அவரு பிள்ளைகளுக்கும் இவரு பிள்ளைகளுக்கும் 1963ல கடுதாசிப் பழக்கம் வந்தது. அதுல இருந்துதான் கூடி எழுதுற வித்தை பிடிபட்டது. ஆளாளுக்கு மனசுல தோணுறதத் துண்டுச் சீட்டுல எழுதணும். ஒரு சீட்டுக்கு ஒரு விசயம். எல்லாத்தையும் மேசையில கொட்டி, ஒரே ஜாதி விசயத்த ஒரே குவியலாப் போடணும். ரெண்டு பேரு ஒண்ணையே சொல்லியிருந்தா ஒண்ணக் கழிக்கணும். குவியல வரிசைப்படுத்தணும். பெறகு ஒவ்வொரு வார்த்தையா, இது வேணுமா வேண்டாமான்னு சண்ட போடணும். பேச்சுல வராத சொல்லு எழுத்துலயும் வேண்டாம்னு ஒரு கட்டுப்பாடு வேற. பஞ்சாயத்துல வாய்க்கா வெட்டத் தகராறு பண்ணுற நம்ம ஆளுகளுக்கு இந்த முறை ரொம்பத் தோதா இருக்கும்.

அப்பிடி எட்டுப் பயலுக சேந்து எழுதுன பொஸ்தகம் 1967ல வந்தது. 'ஒரு டீச்சருக்குக் கடுதாசி'ங்கிறதுதான் தலைப்பு. எங்கள மாதிரி ஏழைப் பிள்ளைகளத்தான் ஃபெயிலாக்குறீக, டாக்டர் வீட்டுப் பிள்ளைகள மேல தூக்கி விடுறீகன்னு கணக்கோட கேட்டாக. தேசம் பூராவும் அதப் பத்தியே பேச்சு. விலாசம் சரியாப் போட்ட கடுதாசி எப்பிடிப் போய்ச் சேரும்னு பாத்தீகளா?

இனி எழுத்துப் பிழைக்கு வருவோம். நீங்க அதுக்குத்தான் துடிச்சுக்கிட்டு இருப்பீக. 'ற'வுக்கு 'ர' போடுறான், 'ழ' வரவே மாட்டேங்குது. சரிதான், திருத்த வேண்டியதுதான். ஆனா எப்ப? மணல்ல எழுதுன காலத்துல தப்பு விழுந்தா உள்ளங்கையால அழிச்சுட்டு மறுபடி எழுதுவோம், தப்புக்கு சாட்சி இருக்காது. 1789 வாக்குல மெட்ராஸ் எழும்பூர்ல ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரி, பட்டாளத்துக்காரக விட்டுட்டுப் போன பயலுகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துனாரு. நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மணல்ல விரலால எழுதுறதப் பாத்துட்டு, நம்ம பள்ளிக்கூடத்துலயும் இப்பிடியே பண்ணுங்கன்னு வாத்தியாருகளுக்குச் சொன்னாரு. வாத்தியாருக முறுக்கிக்கிட்டாக. அவரு ஒரு எட்டு வயசுப் பயலக் கூப்பிட்டு, நீ சொல்லிக் கொடுலேன்னுட்டாரு. பய ஜோராச் சொல்லிக் கொடுத்தான். பிள்ளைக்குப் பிள்ளை வாத்தியாரா இருக்க இந்த ஏற்பாட்ட 1797ல லண்டன்ல பொஸ்தகமாப் போட, சீமை பூராவும் 'மெட்ராஸ் முறை'ன்னு பரவுச்சு. நம்ம திண்ணைச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை அது.

ஆகவே, மொதல்ல எழுத விடுங்க. அது மணல்னு நெனச்சுக்கோங்க. வெளிய அனுப்புற அன்னைக்கு மட்டும், எழுத்து பாக்க ரெண்டு பிள்ளைகளச் சட்டாம்பிள்ளையாப் போடுங்க. 'மணப்பாட்டுக்காரி சிரிச்சிருவாடி'ன்னு ஒருத்திக்கொருத்தி சொல்லித் திருத்திக்கிருவாளுக. உங்க பேனாவுக்கு வேற வேலை இருக்கு. ஓரத்துல ஒரு கேள்வி மட்டும் எழுதுங்க: 'அந்தச் செருப்பு என்ன நெறம்?' மார்க்கப் பாத்து ஒரு பிள்ளையும் ரெண்டாவது பக்கம் எழுதுனதில்ல. கேள்விக்கு எழுதும்.

பத்திரிகை நடத்தணும்னு ஆசையா? நடத்துங்க. கையெழுத்துப் பத்திரிகை நமக்குப் புதுசா என்ன? ஒரே ஒரு படி எழுதி, படம் வரஞ்சு, அட்டை போட்டு, வீடு வீடாச் சுத்த விட்ட இளவட்டங்க எத்தனை ஊருல இருந்தாங்க! கடைசியில வெத்துப் பக்கம் விட்டிருப்பாக, படிச்சவுக கருத்து எழுத. சில நேரம் பத்திரிகையவிட அந்தக் கடைசிப் பக்கந்தான் சூடா இருக்கும். உங்க பத்திரிகைய ஹெச்.எம். ரூமுல ஒட்டாதீக. அங்க வாரவுக எல்லாம் கையெழுத்துப் போட வாரவுக, படிக்க வாரவுக இல்ல. ரேசன் கடைச் செவுத்துல ஒட்டுங்க. மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் வரிசையில நிக்குறவனுக்குப் படிக்கிறதத் தவிர வேற வேலை கிடையாது. 2022ல இருந்து அரசாங்கமே நாலாப்பு அஞ்சாப்புக்கு 'ஊஞ்சல்', ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் 'தேன்சிட்டு'ன்னு ரெண்டு பத்திரிகை போடுது. பிள்ளைக எழுதுனதையும் போடுறாக. வார கட்டப் பிரிச்சுப் பிள்ளைக கையில கொடுங்க. பீரோவுக்குப் படிக்கத் தெரியாது. நல்லதா நாலு தேறுச்சுன்னா அதுகளுக்கு அனுப்பியும் வையுங்க. ஆனா அனுப்புறதுக்கு முந்தி நீங்க ஒக்காந்து 'மெருகேத்தாதீக'. மெருகேத்துன பெறகு அதுல பசுவுக்கு மறுபடியும் நாலு காலு மொளச்சிரும்.

இன்னொரு சங்கதி, இத மட்டும் வெளையாட்டாச் சொல்லல. எழுத விட்டா, அப்பன் குடிச்சுட்டு வந்து அடிச்சதையும் ஒரு பிள்ளை எழுதும். அது ரேசன் கடைச் செவுத்துக்கு இல்ல. செவுத்துக்குப் போற எழுத்து ஒரு பொட்டியில, டீச்சர் மட்டும் படிக்கிற எழுத்து இன்னொரு பொட்டியில. எது எதுலன்னு எழுதுன பிள்ளைதான் முடிவு பண்ணணும். ரெண்டாவது பொட்டியில விழுந்தத உங்க சிநேகிதிகிட்டக் கூட ஓதக்கூடாது. ஆனா அந்தப் பிள்ளைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா 1098க்குப் போன் போடத் தயங்கவும் கூடாது. ஒரு தடவ அந்த நம்பிக்கை ஒடஞ்சா, அந்தப் பிள்ளை அப்புறம் நூலகத்தின் பயன்களப் பத்தி மட்டுந்தான் எழுதும்.

அப்புறம், இத ஒரு திட்டமா மட்டும் ஆக்கிராதீக. திட்டம்னு ஆயிட்டா, பிள்ளை எழுதுச்சாங்கிறது போயிரும், போட்டோ ஏத்தியாச்சாங்கிறது வந்துரும். 'எழுதும் குழந்தை' படத்துக்காக ஒரு பிள்ளையப் பேனாவோட காமணி நேரம் நிக்க வைப்பாக. அது அந்தக் காமணி நேரத்துல எழுதியிருந்தா ஒரு பக்கம் வந்திருக்கும்.

எல்லாம் சொல்லிட்டு, ஃப்ரெனே கதையோட மிச்சத்தச் சொல்லாம விட்டா பாவம். அவரு பெறகு சான்-போல்னு இன்னொரு ஊருக்கு மாத்தலாகிப் போனாரு. அந்த ஊரு மேயரு, பிள்ளைகளுக்கு இலவசமாக் கொடுக்க வேண்டிய நோட்டு, சாமான்கள கொடுக்காம இழுத்தாரு. ஒரு பய, தான் கண்ட கனவுன்னு ஒண்ண எழுதுனான். வகுப்பே தெரண்டு மேயரு மேல பாஞ்ச கனவு. அதையும் அச்சடிச்சுட்டாக. 1932ல வாத்தியாருக்கு ஆகாதவுக அதத் தூக்கி ஊருச் செவுத்துல எல்லாம் ஒட்டி, 'பாருங்க, இந்த ஆளு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்குற லட்சணத்த'ன்னு ரகளை பண்ணிட்டாக. கடைசியில மனுசன் அந்தப் பள்ளிக்கூடத்த விட்டே வெளியேற வேண்டியதாப் போச்சு. அசரல. 1935ல பக்கத்துலயே வான்ஸ் ஊருல சொந்தமா ஒரு பள்ளிக்கூடம் தொறந்தாரு.

பாருங்க, பள்ளிக்கூடத்துல எழுதுனத ஊரு கூடி வாசிச்சிருக்கு! எதிராளியே செலவு பண்ணி ஒட்டியிருக்கான்! ஒரு பிள்ளை எழுத்துக்கு இதவிடப் பெரிய மரியாதை உண்டா? உங்களுக்கு அந்த மாதிரி மரியாதை வேண்டாம்னா, மொதல்லயே பயலுககிட்டச் சொல்லி வையுங்க: தலைவரப் பத்திக் கனவு வந்தா ரெண்டாவது பொட்டியில போடுங்கடான்னு.

கடைசியா ஒரே ஒரு நிபந்தனை. வாரத்துக்கு ஒரு பக்கம் நீங்களும் எழுதி, பிள்ளைக எழுத்துக்குப் பக்கத்துல ஒட்டணும். நூலகத்தப் பத்தி வேண்டாம். சைக்கிள் பழகயில வேலிக்கருவேல முள்ளுக்குள்ள விழுந்தது, மொத நாளு இந்த வகுப்புக்குள்ள வரயில கை நடுங்குனது, அப்பிடி ஏதாச்சும். ஒட்டிட்டு, சிவப்புப் பேனாவ அஞ்சாப்புக்காரிக கையில கொடுத்துருங்க. அதுல ஒருத்தி நல்லாச் சுழிச்சுச் சுழிச்சு, 'கையெழுத்தைத் திருத்தவும். நாளை பெற்றோரை அழைத்து வரவும்'னு எழுதிக் கொடுப்பா. அழைச்சுட்டுத்தான் வரணும் தாயி. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே.